கீழாநெல்லியும் ஆய்வகமும்: மருந்துச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் படித்து, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூலிகைச் சாறுகளையும் புதிதாகத் தயாரித்த வேதிச் சேர்மங்களையும் பல வருடம் சோதித்துப் பார்த்தவன் நான். கல்யாண வீட்டிலோ ரயிலிலோ என் வேலை என்னவென்று தெரிந்ததும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்த செடி என்பதால், முடிந்தவரை கீழாநெல்லியை வைத்தே விளக்குகிறேன்.

மஞ்சள் காமாலைக்குக் காலங்காலமாகக் கீழாநெல்லி கொடுக்கிறோம். குணமாகிறது. இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

எனக்கு ஏழு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அப்பத்தா வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது, பசி வந்தது. எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சரியானது. அப்பத்தா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பிறகு கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது: சிறு பிள்ளைகளுக்குத் தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, மருந்தே கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் அநேகமாக எல்லோருக்கும் தானாகவே சரியாகிவிடும். அப்படியானால் எனக்குச் சரியானது செடியாலா, நாளாலா? என் ஒருவனைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. தெருப்பிள்ளைகள் ஐந்து பேரைப் பார்த்தும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஐந்து பேருக்கும் கீழாநெல்லி கொடுத்தாயிற்று. கொடுக்காமல் விட்ட பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கு ஆறு வாரம் ஆகியிருந்தால்தான் செடி மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியது என்று சொல்லலாம். இந்த ஒப்பீட்டைத்தான் சோதனை என்கிறோம். எலி, இயந்திரம், புள்ளியியல் எல்லாம் இந்த ஒப்பீட்டைச் செய்வதற்கான கருவிகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் கிடையாது. அது ஒரு அடையாளம். ஏ, ஈ, பி என்று பல வைரஸ்கள், சாராயத்தால் கெட்ட ஈரல், பித்தக் குழாயில் அடைத்த கல், கணையத்தில் கட்டி, ரத்தச் சிவப்பணு உடைவது என்று எதனாலும் கண் மஞ்சளாகும். “காமாலைக்குக் கேட்கும்” என்று யாராவது சொன்னால், எந்தக் காமாலைக்கு என்பதுதான் என் முதல் கேள்வி.

சரி, கீழாநெல்லியை அப்படி யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

பார்த்தார்கள், அதுவும் நம் சென்னையில். 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவும் செய்த ஆய்வு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் அதில் பங்கெடுத்தார். ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் தாங்கியிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிகை. ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோது, பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸின் மேற்புரதம் காணாமல் போயிருந்தது. வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆகியிருந்தது. 59 சதவீதத்துக்கு எதிராக 4 சதவீதம்.

இந்தக் கட்டுரையை முதலில் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அப்பத்தாவின் மோர்க் கிண்ணம் ‘லான்செட்’ வரைக்கும் போய்விட்டதே என்று இருந்தது.

ஆனால் ஒரு ஆய்வோடு கதை முடிவதில்லை. மற்றவர்கள் அதையே திரும்பச் செய்து பார்க்க வேண்டும். தாய்லாந்தில் அறிகுறி இல்லாத தொற்றாளர்களிடம் அங்கு வளர்ந்த அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் போகவில்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2011இல் தன் வரையறைக்குள் வந்த 16 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவற்றில் வெற்று மருந்தோடு நேரடியாக ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. அதில் பலன் தெரியவில்லை. மற்றவை வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவை. அவற்றில் கொஞ்சம் நன்மை தெரிந்தாலும், நடத்திய முறையில் பலவீனங்கள் அதிகம். நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு.

சென்னைக் குழு பொய் சொன்னதா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. முதற்கட்ட ஆய்வு என்றுதான் அவர்களே எழுதினார்கள். ஆட்கள் எண்ணிக்கை சிறியது. இரு பக்கமும் கடைசியில் கணக்கில் வந்தவர்கள் 37, 23 என்று சமமில்லாமல் இருப்பதைப் பார்த்தாலே, நடுவில் விலகியவர்கள் எந்தப் பக்கம் எத்தனை பேர், அவர்கள் நிலை என்ன என்று கேட்கத் தோன்றும். அப்புறம், செடியே வேறுபட்டிருக்கலாம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே கீழாநெல்லி எப்படி இடத்துக்கு இடம் வேறுபடும்?

முதலில், அது ஒரே கீழாநெல்லிதானா என்று பார்க்க வேண்டும். இலைக்கடியில் நெல்லிக்காய் வரிசையாகத் தொங்கும் சின்னச் செடிகள் நம் வயலில் பல இனம் உண்டு. பழைய இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்றே எழுதியிருக்கும். உண்மையில் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊரில் பிடுங்குவது பெரும்பாலும் ‘பில்லாந்தஸ் அமாரஸ்’. அதோடு கலந்து ‘டெபிலிஸ்’ வரும், ‘யூரினேரியா’ வரும், மேலாநெல்லி எனப்படும் ‘மதராஸ்பாடென்சிஸ்’ வரும். காய்ந்து தூளான பிறகு கண்ணால் பிரிக்க முடியாது.

இதில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. ஒருமுறை அவசரத்துக்கு நாட்டு மருந்துக்கடையில் மூட்டையாக வாங்கிய சரக்கில் வேலையை ஆரம்பித்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துத் தாவரவியல்காரரிடம் காட்டியபோது, அதில் பாதிக்குமேல் வேறு இனம் என்றார். மூன்று மாத முடிவுகளையும் தூக்கிப் போட்டோம். எலிகள் வீணாயின என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அதன்பிறகு எந்த மாணவர் வந்தாலும், பூவோடும் காயோடும் செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலோ இனத்தை உறுதிசெய்து, மாதிரி எண் வாங்கி வராமல் அரைக்க விடுவதில்லை.

இனம் சரியாக இருந்தாலும் மண், மழை, பறித்த மாதம், வேரா இலையா என்பதைப் பொறுத்துச் சத்து கூடும் குறையும். அதனால் பில்லாந்தின் போன்ற ஒரு அடையாளப் பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று ஒவ்வொரு தவணைச் சரக்கிலும் அளந்து வைத்துக்கொள்வோம். அளக்காத சாற்றில் வந்த முடிவை அடுத்தவர் திரும்பச் செய்து பார்க்கவே முடியாது.

சாறு எடுப்பதில் அப்படி என்ன நுணுக்கம்?

நிறைய உண்டு. நிழலில் உலர்த்தி, பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், எத்தனால், தண்ணீர் என்று எண்ணெய்ப்பசைக்கு இணங்கும் கரைப்பானிலிருந்து தண்ணீர் வரை படிப்படியாகப் போவோம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பொருள்கள் இறங்கும். வெந்நீரில் இறங்காதது சாராயத்தில் இறங்கும். சூட்டில் அழிவது குளிர்ந்த கரைப்பானில் பிழைக்கும்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி சீனாவின் தூ யூயூ. வியட்நாம் போர்க்காலத்தில், மலேரியாவுக்கு மருந்து தேடிச் சீன அரசு நடத்திய ரகசியத் திட்டத்தில் அவர் இருந்தார். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. அப்போது, நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய வைத்தியக் குறிப்பைத் திரும்ப எடுத்துப் படித்தார். ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று அதில் இருந்தது. கொதிக்கவை என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பட்டது. குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி, எலிகளின் மலேரியாக் கிருமியை முழுதாக ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன், அடுத்த வருடம் அவரும் உடன் வேலை செய்தவர்களும் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஆர்ட்டெமிசினின் வந்தது இப்படித்தான். 2015இல் நோபல் பரிசு.

பழைய நூல் ஒரு வரியில் வழி காட்டியது. அந்த வழி சரியென்று காட்ட ஆய்வகம் வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கதை இவ்வளவு பிடிக்கக் காரணம் அதுதான்.

‘இந்த மூலிகை புற்றுநோய் செல்லைக் கொல்கிறது’ என்று அடிக்கடி செய்தி வருகிறதே?

கிண்ணத்தில் வளரும் செல் மீது எதை ஊற்றினாலும், அளவு அதிகமானால் செத்துப்போகும். உப்பை அதிகம் போட்டாலும் சாகும், பினாயில் ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் கொல்கிறதா, எவ்வளவு குறைந்த அளவில் கொல்கிறது, அந்த அளவு நம் ரத்தத்தில் எட்டக்கூடியதுதானா என்ற மூன்றையும் செய்தியில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

மஞ்சளில் உள்ள குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் அது செய்யாத வேலை இல்லை. வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். பெங்களூரில் செய்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைபெரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது ரத்தத்தில் அதன் அளவு 2000 சதவீதம் கூடியது. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் ஏறக்குறைய இல்லாத ஒன்று இருபது மடங்கானாலும் கொஞ்சம்தான். இன்னொரு சிக்கல், குர்குமின் மஞ்சள் நிறமுடையது, ஒளிரக்கூடியது, பல புரதங்களோடு கண்டபடி ஒட்டக்கூடியது. அதனால் சோதனைக் கருவியே ஏமாந்து ‘வேலை செய்கிறது’ என்று காட்டிவிடும். 2017இல் வேதியியலாளர்கள் சிலர் அதுவரையிலான ஆய்வுகளை அலசி, 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும் வெற்று மருந்தோடு ஒப்பிட்ட கறாரான சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். குழம்பில் மஞ்சள் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தாராளமாகப் போடுங்கள்.

கணினியில் ‘டாக்கிங்’ செய்து மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே?

உடலிலோ கிருமியிலோ உள்ள ஒரு புரதம் பூட்டு, சேர்மம் சாவி என்று வைத்துக்கொண்டால், அது பூட்டுக்கு எந்தச் சாவி பொருந்தலாம் என்று திரையில் பார்ப்பது. எந்தச் சேர்மத்தை முதலில் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும். கொரோனா காலத்தில் அஞ்சறைப்பெட்டியில் உள்ள அத்தனைக்கும் டாக்கிங் மதிப்பெண் வந்தது. அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது.

எலிகளில் ஈரலைக் காப்பாற்றியது என்றால் மனிதருக்கும் உதவும்தானே?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ‘ஈரலைக் காக்கும் மூலிகை’ என்று நம் கல்லூரிகளிலிருந்து வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளை நாலைந்து குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் கிடையாது. இன்னொன்றுக்கு கார்பன் டெட்ராகுளோரைடு அல்லது அளவு மீறிய பாரசிட்டமால் கொடுத்து ஈரலைக் கெடுப்பார்கள். மற்றவற்றுக்கு மூலிகைச் சாற்றையும் கொடுத்து நச்சையும் கொடுப்பார்கள். ஒப்பீட்டுக்கு, ஈரலைக் காக்கும் என்று ஏற்கெனவே பெயர்பெற்ற சிலிமரின் பெறும் குழு ஒன்று. கடைசியில், ஈரல் கெட்டால் ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. நொதிகளின் அளவு பார்த்து, ஈரலைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நானும் இப்படி எத்தனையோ செய்திருக்கிறேன்.

இதில் இரண்டு குழிகள் உண்டு. பல ஆய்வுகளில் மூலிகையை ஒரு வாரம் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிறகுதான் நச்சைக் கொடுக்கிறார்கள். நம்மிடம் வரும் நோயாளியோ கண் மஞ்சளான பிறகு வருகிறார். வருமுன் காத்தது, வந்தபின் குணமாக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது குழி ஆழமானது. கார்பன் டெட்ராகுளோரைடும் சரி, பாரசிட்டமாலும் சரி, தாமாகவே ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலில் உள்ள நொதிகள் அவற்றை வேறொரு பொருளாக மாற்றும்போதுதான் அது நஞ்சாகிறது. நாம் கொடுத்த சாறு அந்த நொதியை முடக்கிவிட்டால், நஞ்சு உருவாகவே செய்யாது. எலி பிழைத்துக்கொள்ளும். கட்டுரையில் ‘ஈரலைக் காத்தது’ என்று வரும். ஆனால் சாறு ஈரலைக் காக்கவில்லை, நச்சு தயாராகிற இடத்தை மூடியிருக்கிறது. வைரஸால் வருகிற காமாலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால், பல மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் நொதிகளை ஒரு சாறு முடக்குகிறது என்பது எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

அளவையும் பாருங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் சாறு என்பது வழக்கமான அளவு. எலியின் அளவை மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பது ஆய்வாளர்களின் பொதுக் கணக்கு. கிலோவுக்கு 32 மில்லிகிராம் வரும். அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறு. நூறு கிராம் பொடியிலிருந்து பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு 20 கிராம் காய்ந்த பொடி சாப்பிட வேண்டும். சென்னைச் சோதனையில் கொடுத்தது 600 மில்லிகிராம். எலி ஆய்வை விளம்பரத்தில் போட்டுவிட்டு 250 மில்லிகிராம் குளிகை விற்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

அப்படியென்றால் எலிகளைக் கொல்வது எதற்கு?

நச்சுத்தன்மையை அறிய இன்றும் வேறு முழுமையான வழி இல்லை. ஆனால் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஒரே சோதனையைப் பட்டத்துக்காகச் செய்வதை நான் எதிர்க்கிறேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது என்பது சட்டம்.

செடியிலேயே மருந்து இருக்கும்போது வேதிக்கூடத்தில் எதற்குச் செய்ய வேண்டும்? அது ‘கெமிக்கல்’ ஆகிவிடாதா?

செடியில் இருப்பதும் கெமிக்கல்தான். ஒரு மூலக்கூறு இலையில் உருவானதா குடுவையில் உருவானதா என்று நம் உடலுக்குத் தெரியாது. வேதிக்கூடத்துக்குப் போகக் காரணங்கள் வேறு. செடியில் அது மிகக் குறைவாக இருக்கும், அல்லது தண்ணீரில் கரையாது, அல்லது பலனோடு நச்சும் சேர்ந்தே இருக்கும்.

ஆர்ட்டெமிசினின் தண்ணீரிலும் எண்ணெயிலும் சரியாகக் கரையாது. அதன் அமைப்பைச் சற்று மாற்றித்தான் ஆர்ட்டெசுனேட் வந்தது. நினைவிழந்து கிடக்கும் மலேரியா நோயாளிக்கு ஊசியாகப் போட முடிகிறது என்றால் அந்தச் சிறு மாற்றத்தால்தான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் உள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, கூடவே நச்சாகவும் இருந்தது. அதே குடும்பத்தில் வேதிக்கூடத்தில் உருவான மெட்ஃபார்மினை 1957இல் பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து வெளியிட்டார். இன்று நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சாப்பிடுகிற மாத்திரை.

நித்தியகல்யாணியின் கதை இன்னும் விசித்திரம். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கஷாயம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளணு மட்டும் சரிந்துகொண்டே போனது. தோற்றுப்போன சோதனை என்று மூடி வைக்காமல், வெள்ளணு ஏன் குறைகிறது என்று கேட்டார்கள். வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியின் வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. நம் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி பயிராகி ஏற்றுமதியாகிறது. கோயில் நந்தவனத்துப் பூச்செடியை அதற்குப் பிறகு நான் சாதாரணமாகப் பார்த்ததில்லை.

அதேசமயம், வேதிக்கூடத்தில் செய்தது என்பதாலேயே எதுவும் உயர்ந்ததாகிவிடாது. மனிதச் சோதனைக்குள் நுழையும் புதுச் சேர்மங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் மருந்தாக வெளியே வருகிறது. மற்ற ஒன்பதும் பலனின்மையாலோ பாதகத்தாலோ நடுவழியில் நிற்கின்றன. கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு, 1961இல் திரும்பப் பெறப்பட்ட ஒரு வேதிக்கூட மருந்து. இன்றைய கெடுபிடிகள் பல அதன் பிறகு வந்தவை.

மனிதர்களிடம் எப்படிச் சோதிக்கிறார்கள்? ஆட்களைச் சோதனை எலி ஆக்குவதுதானே?

அந்தப் பயம் நியாயமானது. கடந்த காலத்தில் அநியாயங்கள் நடந்திருக்கின்றன. அதனால்தான் தெளிவாக விளக்கி, அவர் மொழியில் எழுதி, கையெழுத்து வாங்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லித்தான் ஒருவரைச் சேர்க்க வேண்டும். முதலில் இருபது முதல் எண்பது பேரிடம் பாதுகாப்பு மட்டும் பார்ப்பார்கள். பிறகு சில நூறு நோயாளிகளிடம் பலனும் அளவும். அதற்குப் பிறகு பெரிய எண்ணிக்கையில் ஒப்பீடு. 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குலுக்கல் முறையில் பிரிப்பது முக்கியம். வைத்தியர் தன் விருப்பப்படி பிரித்தால், தெம்பாக இருப்பவரைத் தன்னையறியாமல் மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார். இது மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய குலுக்கல் சோதனை ஒன்று சென்னையில்தான் நடந்தது. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருத்துவ மையத்தில், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரு பக்கமும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்து, ஒரு பாதியைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் படுக்கை, நல்ல சாப்பாட்டோடும், மறுபாதியை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயும் வைத்தார்கள். சானடோரியம்தான் நல்லது என்று அன்று எல்லா டாக்டர்களும் நம்பினார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாயிருந்தார்கள். கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. படுக்கை கிடைக்காமல் காத்துக்கிடந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த முடிவு வழி திறந்தது. பெரிய டாக்டர்களின் நம்பிக்கையையும் சோதனை விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வைத்தியர்களைக் கேட்கிற கேள்வியைத்தான் அவர்களையும் கேட்டது.

டெங்குவுக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுத்துத் தட்டணு ஏறியதே?

டெங்குவில் காய்ச்சல் விடும் சமயத்தில் தட்டணு தரைதட்டி, ஓரிரு நாளில் தானாக ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் ஏற்றியதாகத் தெரியும். குடிக்காதவர்களுக்கு எத்தனை நாளில் ஏறியது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு ஆராயத் தகுந்த பொருள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கலவை மருந்திலிருந்து ஒரு மூலக்கூறை மட்டும் பிரித்துப் பார்த்தால் சித்த மருத்துவத்தின் சாரமே போய்விடாதா?

இது நல்ல கேள்வி, இதில் சித்த மருத்துவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒன்பது சரக்கு சேர்ந்த குடிநீரை, பிரிக்காமல் அப்படியே குலுக்கல் சோதனைக்கு உட்படுத்தலாம். எந்தச் சரக்கு வேலை செய்தது என்று தெரியாவிட்டாலும் பலன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நாடி பார்த்து ஆளுக்கு ஆள் அளவை மாற்றினாலும், அந்த மாற்றத்தையும் சேர்த்தே ஒப்பிட வழி உண்டு. கசப்புக் குடிநீருக்கு இணையாகக் கசக்கும் வெற்றுக் குடிநீர் தயாரிப்பது சிரமம், அவ்வளவுதான். சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. 2015 நவம்பர் முதல், குறைந்தது நான்கு சேர்மங்களை அளந்து காட்டிய சுத்திகரித்த மூலிகைப் பகுதியையே ஒரு மருந்தாக ஒப்புதலுக்குக் கொண்டுவரலாம்.

மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்பது உண்மைதானே?

இல்லை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

அனுபவ வைத்தியம் உடனே தெரிகிற கேட்டைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. தின்றதும் வாந்தி வந்தால், வயிறு போனால், அந்த மூலிகையை முன்னோர்கள் ஒதுக்கியோ சுத்தி செய்தோ வைத்தார்கள். ஆனால் பத்து வருடம் கழித்துக் கிட்னி போவதை எந்தப் பாட்டியாலும் அன்று குடித்த கஷாயத்தோடு முடிச்சுப் போட முடியாது. ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் சேர்ந்த அரிஸ்டோலோக்கியா இனத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் இந்த இனத்துச் செடி தவறிக் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் ஊரில் இன்னும் விஷக்கடிக்கென்று வீட்டில் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து உள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

2021இல் மும்பையில், கொரோனாவுக்குப் பயந்து தொடர்ந்து சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஈரலுக்கு நல்லது என்று நம்பி ஈரலுக்கே கேடு. மாசும் உண்டு: நம் மூலிகைத் தரநூல் ஈயத்துக்கு பத்து லட்சத்தில் 10 பங்கு, பாதரசத்துக்கு 1 பங்கு என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. வாங்கும் சரக்கின் பரிசோதனைச் சான்றில் இந்த எண்ணைக் கேளுங்கள்.

டப்பாவில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்றும் அரசு உரிம எண்ணும் போட்டிருக்கிறதே?

உரிம எண் என்பது தயாரிக்க அனுமதி. சட்ட அட்டவணையில் உள்ள பழைய நூல்களின்படி செய்த மருந்துக்கு மனிதச் சோதனை காட்டாமலே உரிமம் கிடைக்கும். எதில் நிரூபித்தார்கள், கிண்ணத்திலா எலியிலா ஆளிடமா, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எங்கே பதிந்தார்கள் என்று கேளுங்கள். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு கைமருந்து இருக்கிறது. ஆய்வுக்குக் கொடுத்தால் திருடிவிடுவார்களா?

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, இந்தியா எதிர்த்து வாதாடி 1997இல் ரத்து செய்ய வேண்டியிருந்தது. ஆனால் நேர்மையாக நடந்த உதாரணமும் உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாக வந்த காணி இனத்தவர், களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு காயைத் தின்றார்கள். அந்தக் காயைத் தரும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் பத்து லட்சம், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இரண்டிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு. குறைகள் இருந்தாலும் உலகமே எடுத்துக்காட்டும் முன்மாதிரி அது. 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையிலேயே தரமணியில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் செய்முறையை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, எனக்கு இப்போது மஞ்சள் காமாலை. கீழாநெல்லி சாப்பிடலாமா?

முதலில் ரத்தம் கொடுங்கள்: பிலிருபின், எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறையும் நேரம், ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ. டாக்டர் சொன்னால் வயிற்று ஸ்கேன். அடைப்புக் காமாலையாக இருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம், செடியைக் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணியாக இருந்தால், அல்லது பேச்சு குழறினால், தூக்கம் கலையாமல் கிடந்தால், ஈறில் ரத்தம் வந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தால் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற நன்கு சோதித்த மாத்திரைகள் இருக்கின்றன. வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்.

வைரஸ் ஏ என்று உறுதியாகி, டாக்டர் வெறும் ஓய்வு சொல்லி அனுப்பி, வீட்டில் பெரியவர்கள் ஆசையாக மோரில் கரைத்துக் கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி வைத்து அடுத்த முறை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். உப்பில்லாப் பத்தியம் மட்டும் வேண்டாம், பசிக்கிறதைச் சாப்பிடுங்கள்.